வன்னிக்காய் வகுப்பு

2023 மார்ச் 12

மாடுகளெல்லாம் தோலில் கொப்புளம் வந்து சாய்ந்தது போன மழைக்காலம். அதற்குப் பின் வந்த ஹோலி முடிந்து நாலு நாள் ஆகிறது. என் கணக்கில் வருஷம் அப்படித்தான். தேதியை இந்தப் போன் தானே போட்டுக்கொள்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. தொழில் பயிற்சிக் கூடத்தில் வினீதா மேடம் சொன்னாள்: "தினமும் நடந்ததைப் போன்ல பேசுங்க, அதுவே எழுதிக்கும். தொழில் பண்றவங்களுக்கு அந்தப் பழக்கம் வேணும்." நான் தொழில் பண்ணுகிறவன் இல்லை. பேத்தி தாபூவுக்கும், பேரன் கீமாவின் பெண்டாட்டி பேமிக்கும் துணைக்குப் போகிறவன். ரெண்டு சின்னப் பெண்கள் தனியாக ஜீப் ஏறினால் இந்தப் பக்கத்து வாய்களை யார் மூடுவது? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வது என் காதிலும் விழுகிறது.

"தாத்தா, உங்க தொழில் என்ன?" என்றாள் மேடம்.

"உட்கார்றது."

"அதுக்கு வாடிக்கைக்காரங்க யாரு?"

பொடிசுகள் எல்லாம் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 15

ஆளுக்கு ஒரு தடவை எழுந்து தன் சரக்கை விற்றுக் காட்ட வேண்டும். தாபூ வன்னிக்காய் வத்தலைக் கையில் வைத்துக்கொண்டு திக்கித் திக்கி முடித்தாள். அடுத்தது பேமி. எழுந்தாள். முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

மேடத்துக்குப் புரிய நேரமானது. பேமி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். நான் அவள் முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. புருஷனின் தாத்தா முன்னால் எந்த மருமகள் பேசுவாள்? எனக்குச் சோறு வைத்தால் தட்டை ரெண்டு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான்.

"தாத்தா, கொஞ்சம் வெளியே போறீங்களா?"

போனேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே ஒரு குரல் கிளம்பியது — "அக்கா, கையில எடுத்து மோந்து பாருங்க. புழு இருந்தா காசு வேண்டாம். இல்லாட்டி நாளைக்கு நீங்களே என் வாசலுக்கு வருவீங்க!" கூடமே கைதட்டியது.

இப்படி ஒரு குரலா என் வீட்டுக்குள் மூன்று வருஷமாகத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது?

மார்ச் 21

புழுதிக் காற்று. ஜீப் வரவில்லை. வகுப்புக்குப் போக முடியாத கோபம் தாபூவின் முகத்தில் தெரிந்தது. பேமியின் கோபம் பாத்திரம் தேய்த்த சத்தத்தில் தெரிந்தது.

ஏப்ரல் 2

சம்பந்தி புர்க்காராம் வந்தார். பேமியின் அப்பா. தாபூவுக்கு மாமனாரும் அவர்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் எங்களது. அவர் மகள் பேமி என் பேரன் கீமாவுக்கு, என் பேத்தி தாபூ அவர் மகன் ஸ்வரூப்புக்கு. நாலும் சிறுசாக இருக்கும்போதே முடித்தது. பேமி வயசுக்கு வந்து இங்கே வந்துவிட்டாள். தாபூ இன்னும் அங்கே போகவில்லை. லாரி கவிழ்ந்து மகனும் மருமகளும் போனதிலிருந்து பேரன் பேத்திக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

மோர் குடித்து மீசையைத் துடைத்தார். "அட்சய திருதியைக்கு ஜீப் கொண்டு வர்றேன் பெரியவரே. மருமகளைத் தயார் பண்ணி வைங்க."

"மழைக்காலம் வரைக்கும் பொறுங்க சம்பந்தி. ஏதோ படிக்குது. முடிச்சா உலர்த்துற பெட்டி ஒண்ணு குடுக்கிறாங்களாம்."

"என்ன படிப்பு? ஊறுகாய் படிப்பா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரிக்கு முழங்கால் போச்சு. தண்ணி எடுக்க ஆள் இல்ல. நானே குடத்தைத் தூக்கிட்டுப் போறேன், ஊரு பார்த்துச் சிரிக்குது. எங்க வீட்டுக்கு வந்தா போனும் கிடையாது, வகுப்பும் கிடையாது, இப்பவே சொல்லிடறேன். அனுப்பலைன்னா என் பொண்ணை ஏத்திட்டுப் போயிடுவேன். கீமா தனியா ரொட்டி சுடட்டும்."

அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 9

கீமா கல் குவாரியிலிருந்து வந்தான். வந்ததும் தங்கையிடம் பாய்ந்தான். "நீ மேடம் ஆகிறதுக்கு என் குடும்பம் போகணுமா?"

"உன் குடும்பம் போகக் கூடாதுன்னு நான் போயி குடம் தூக்கணுமா அண்ணா?"

"எல்லாப் பொண்ணும்தான் போகுது!"

"எல்லாரும் போறதாலதான் ஒருத்தியும் திரும்பி வரல."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "சொல்லுங்க தாத்தா."

என்னத்தைச் சொல்ல? வலது கை ஒருத்தன், இடது கை ஒருத்தி. எதை வெட்டச் சொல்றது? நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறேன்னு எழுந்து போயிட்டேன். ஆடு அப்பதான் தின்னுட்டுப் படுத்திருந்துச்சு.

ஏப்ரல் 13

வினீதா மேடத்திடம் கேட்டேன், நீ வந்து சம்பந்தியிடம் ஒரு வார்த்தை பேசேன் என்று. நல்ல பெண். கண் கலங்கினாள். "தாத்தா, கடன் எப்படி வாங்கணும், சரக்கு எப்படி அனுப்பணும் எல்லாம் எங்க பாடத்துல இருக்கு. இதுக்கு ஒரு பக்கமும் இல்லையே."

ஏப்ரல் 18

வன்னி மரமெல்லாம் காய் விட்டாச்சு. பெண்கள் ரெண்டு பேரும் பிஞ்சாகப் பறித்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடுகிறார்கள். ஜோத்பூரில் ஒரு கடைக்காரர் போனில் கேட்டிருக்கிறார். பேசி முடித்தது பேமி, கொட்டகைக்குப் பின்னால் போய். நான் காது கேளாதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

ஏப்ரல் 21

நாளைக்கு அட்சய திருதியை. தாபூ சொன்னாள்: "நாளைக்குப் போறேன் தாத்தா. அண்ணியாவது இருக்கட்டும்." பேமி அடுப்படியில்தான் இருந்தாள்.

ஏப்ரல் 22

எப்படிச் சொல்றது. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

ஜீப் வந்தது. புர்க்காராம், ஸ்வரூப், இன்னும் நாலு தலைப்பாகை. வெல்லம் கொடுத்தோம். தாபூ சிவப்புத் தாவணியில் உள்ளே உட்கார்ந்திருந்தாள், பெட்டி பக்கத்தில். எல்லாம் முறைப்படி.

அடுப்படியிலிருந்து பேமி வந்தாள். கையில் அவளுடைய தகரப் பெட்டி. நேராக நடந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

புர்க்காராம், "ஏய், உன்னை யாரு ஏறச் சொன்னது?" என்று கத்தினார்.

"நீங்கதானே சொன்னீங்க அப்பா, தாபூ வரலைன்னா என்னைக் கூட்டிட்டுப் போவேன்னு. தாபூ வரல. போங்க."

"அதான் வர்றாளே!"

"நான் திரும்பி வந்தாச்சுன்னா அவ எதுக்கு வரணும்? உங்க பொண்ணு உங்க வீட்டுக்கு. அவங்க பொண்ணு அவங்க வீட்டுக்கு. குடம்தானே? நான் தூக்கறேன்."

தலைப்பாகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கீமா ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாபூ ஓடி வந்து, "அண்ணி, இறங்குங்க, இறங்குங்க" என்று அழுதாள்.

பேமி முக்காட்டோடு என் பக்கம் திரும்பினாள். பிறகு என்னிடம் — என்னிடம்தான் —

"தாத்தா, அடுப்புல காய் வேகுது. இறக்கச் சொல்லுங்க. குழைஞ்சா காயாது."

ஜீப் போயிடுச்சு. காயை நான்தான் இறக்கினேன். கை சுட்டுடுச்சு.

மே 7

தாபூ, "நான் அங்கே போறேன், அண்ணியைக் கூட்டி வாங்க" என்று கிளம்பினாள். ஜீப் ஓட்டுகிறவன் மூலம் பேமி சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "தாபூ இந்த வாசல் மிதிச்சா, நான் அந்த வாசல் மிதிக்க மாட்டேன்." கீமா தங்கையோடு பேசுவதில்லை. குவாரியிலேயே படுத்துக்கொள்கிறான்.

மே 19

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். தூரத்தில் ஒருத்தி குடத்தோடு போனாள். பேமி என்று நடையில் தெரிந்தது.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னு கட்டினதைப் பிரிச்சு விடுங்க," என்றேன். "பேமி வரட்டும். தாபூவை விட்டுடுங்க. ஸ்வரூப்புக்கு வேற பார்க்கலாம்."

"நானா கட்டினேன்? பெரியவங்க ஏழு பேர் அபின் தண்ணி குடிச்சுச் சொன்ன சொல்."

"என்னை விட்டா அவங்கள்ல யாரு இருக்கா இப்போ?"

"சொன்னவன் செத்தா சொல் சாகுமா?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. அவருக்கும் மகள் குடம் தூக்குவது பிடிக்கவில்லை. "அந்த ஏழு பேர்ல ரெண்டு பேராவது உட்கார்ந்து அவிழ்த்துவிட்டா, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஒருத்தர் பேசினா அது சொல் இல்ல, பொலம்பல்."

அந்த ஏழு பேரில் நான் ஒருத்தன். இன்னொருத்தன் வேண்டும்.

மே 30

கிடைத்துவிட்டான்! ஹர்ஜி, அந்த ஏழு பேரில் இன்னொருத்தன். ஒட்டகம் மேய்க்கிற மகனோடு தெற்கே மணல்மேட்டு ஊரில் இருக்கிறான். கண் போய்விட்டது. போய் நின்றதும் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்தான். "டேய் ராவதா, இன்னும் சாகலையா நீ?"

"நீ முன்னாடி போவேன்னு காத்திருக்கேன்."

எல்லாம் சொன்னேன். வெகுநேரம் தாடையைத் தடவினான். "வர்றேன்டா. வெயில்ல ஒட்டகத்து மேல உட்கார முடியல. முதல் மழை விழட்டும்."

ஜூன் 14

பயிற்சி முடிந்தது. தாபூவுக்குச் சான்றுத் தாளும் உலர்த்துற பெட்டியும் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். தாபூ இப்போது திக்குவதில்லை. பழைய பட்டியலைப் பார்த்து யாரோ பேமி பெயரையும் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். எதுக்கு நின்னேன்? தெரியல. மேடம் வந்து உட்கார வைத்தாள்.

ஜூன் 18

கடல் பக்கம் கிளம்பிய புயல் இங்கே வந்து கொட்டுகிறது. முதல் மழையே இப்படி. பாதையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 26

தெற்கே இருந்து டிராக்டரில் ஒரு ஆள் வந்தான். ஹர்ஜியின் மகன் அனுப்பியவன். வாசலிலேயே தலைப்பாகையைக் கழற்றினான். எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. மழையில் நனைந்து காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வர வழியில்லையாம். வெள்ளைத் தலைப்பாகை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தானாம், சபைக்குப் போகணும் என்று.

கீமா திண்டாடிப் போய் நிற்கிறான். "வேற யாரும் இல்லையா தாத்தா? நல்லா யோசிங்க." தாபூ முற்றத்தில் பாயைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அபின் தண்ணீருக்குக் கை நீட்டினது லாதூராம், பெரிய மோதி, சின்ன மோதி, கும்பாராம், புர்க்காராமின் அப்பன் தேவா, ஹர்ஜி. ஆறு பேரும் போய்விட்டார்கள்.

மிச்சம் நான் ஒருத்தன், ராவதாராம்.