டெராமான் கடை நீலச் சோறு

கோத்தா பாரு,
14 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

அன்பு மனைவி சல்மியாவுக்கு,

ஸலாம். நானும் மகள் ஐனியும் நலம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உனக்கு அனுப்பச் சொல்லி அழுதாள், தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். உன் நலத்தை இந்த முறை கேட்கப்போவதில்லை. நேரிலேயே பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஐனிக்குக் காய்ச்சல், கடை திறக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னேனே, பொய். அவளை உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பினாங்குப் பேருந்தில் ஏறினேன். எல்லாம் உன் போன கடிதத்தால். உன் தொழிற்சாலை வாசலில் நம் ஊர்ப் பக்கத்து டெராமான் என்பவர் நம் நீலச் சோற்றுக்கு, நாசி கெராபுக்கு, கடை போட்டிருக்கிறார், அப்படியே உங்கள் கைச்சோறுதான் என்று எழுதியிருந்தாய். ஆறு வருடமாக அதே சோற்றை விற்றுப் பிழைக்கிறவனுக்கு எழுதுகிற வரியா அது? அதைப் படித்த அன்று சோற்றில் கலக்கும் தழை அரியும்போது விரலை வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே அவன் கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். சல்மியா, அது சோறா? நீலம் சங்குப்பூவில் வந்ததல்ல, பொட்டலச் சாயம். தழையை மாட்டுக்கு வெட்டுவதுபோல் வெட்டியிருக்கிறான். வறுத்த தேங்காயில் சிக்கு வாடை. மிளகாய்க்குள் அடைத்த மீனைத் தேட வேண்டியிருந்தது. பாதித் தட்டிலேயே எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

அப்போதுதான் இரவு வேலை முடிந்து நீங்கள் ஐந்து பேர் வந்தீர்கள். தொப்பியை இழுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டேன். உன் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவன் அடுப்படியிலிருந்தே, ஊரில் பெண்களை அழைக்கிற சொல்லால் கத்தினான்: "என்ன மெக், மூஞ்சி காஞ்ச கருவாடு மாதிரி இருக்கு? சாப்டியா இல்லையா? உக்காரு, உப்பு முட்டை ரெண்டா வெக்கிறேன்." நீ, "ஒண்ணு போதும் அபே, இன்னொண்ண உங்க பொண்டாட்டிக்குக் குடுங்க" என்றாய். "அவ ஊர்ல இருக்கா. கூட இருந்தா உங்கள மாதிரி பிசாசுங்களுக்கு நான் ஏன் ஆக்கிப் போடறேன்?" என்றான். நீ சிரித்தாய்.

அபே என்றாய். என்னைக் கூப்பிடுகிற சொல். ஊரில் மூத்த ஆண் எவனையும் அப்படித்தான் அழைப்பார்கள், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அந்தச் சாயச் சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாய். நல்ல சோற்றிடம் தோற்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நீங்கள் போனதும் சண்டைக்குத்தான் போனேன். "ஏன்யா, இது பூ போட்ட சோறா?" என்றேன். அவன் என் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரன் என்று பல்லைக் காட்டினான். "பூவுக்கு இங்க எங்க போறது அபே? இதுங்க கண்ணு நொந்து வருதுங்க. நீலமா பச்சையான்னு யாரு பாக்குறா? நம்ம பேச்சுல ஒருத்தன் சாப்டியான்னு கேட்டாப் போதும், மண்ணப் பெசஞ்சு வெச்சாலும் தின்னும்."

அடிக்கக் கை எழவில்லை. நீ வேலைக்குப் போன இந்த எட்டு மாதமாகத் தொலைபேசியில் நான் என்ன கேட்டேன் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஏன் நேற்றுப் பேசவில்லை, விடுப்பு எப்போது, பக்கத்தில் யார் குரல். அவ்வளவுதான்.

கோபம் அவன்மேல் மட்டுமில்லை. நம் பெண்களை அள்ளிக்கொண்டு போகத் தொழிற்சாலைக்காரன் ஊருக்கே பேருந்து அனுப்புகிறான். இங்கே ஒரு தொழிற்சாலை கட்ட எவனுக்கும் நேரமில்லை. பெண்ணுக்கு வீடே அழகு என்று மேடையில் முழங்குகிற தலைவரின் மகள் லண்டனில் படிக்கிறாள். நீ மட்டும் பன்னிரண்டு மணி நேரம் உருப்பெருக்கியில் குனிந்து மின்னணுச் சில்லில் முடிபோன்ற கம்பியை ஒட்டுகிறாய்.

செவ்வாய்க்கிழமை பேருந்தில் ஓட்டுநரிடம் ஒரு பெட்டி தருகிறேன். காய்ந்த சங்குப்பூ, ஈரத்தாளில் சுற்றிய தழைகள், நான் வறுத்த தேங்காய். உன் டெராமானிடம் கொடு. தழையை நறுக்கி அனுப்பினால் கறுத்துவிடும்; நூலாக அரியச் சொல். யார் அனுப்பியது என்று கேட்டால் என் கணவர் என்று அவன் கடையே கேட்கும்படி சொல்.

பெட்டியின் அடியில் வைத்திருக்கிற உப்பு முட்டைகளை மட்டும் அவனிடம் கொடுக்காதே. அவை உனக்கு.

அல்லா உன் கண்களைக் காக்கட்டும். மற்றதற்கெல்லாம் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதற்கு மட்டும் எழுது. சல்மியா, சாப்பிட்டாயா?

உன் அபே,
ஜுசோ