நடுக்கட்டம்

சோலோ, ஜாவா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யோசினாவுக்கு,

விகாதி எழுதுவது. நீயும் வீட்டாரும் நலம்தானே? போனில் என்றால் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பி மழுப்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ உங்கள் ஆம்பொன் தீவுக்குத் திரும்பியதிலிருந்து நம் அறையில் உன் கட்டில் காலியாகவே கிடக்கிறது. உன் கடல் படிப்பை விட்டு ஒரு பருவம் எங்கள் கணக்குத் துறையில் வந்து உட்கார்ந்தாய். போகும்போது என் தலைக்குள் கடலைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாய். ஆசிரியர் சைன் வளைவு வரைந்தால் எனக்குப் பலகை ஈரமாகத் தெரிகிறது. உப்புக் காற்று வருகிறதா என்று ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரே ஒரு பருவம் நான் அலையைக் கணக்கில் பிடித்துப் படிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போன வாரம் துறையில் ஒரு தாள் கொடுத்தார்கள். நீ இங்கே வந்ததுபோல வேறு ஊருக்குப் போய் ஒரு பருவம் படிக்க விருப்பமா என்று கேள்வி. 'விருப்பமே இல்லை' முதல் 'மிகவும் விருப்பம்' வரை ஐந்து கட்டங்கள். வலது ஓரத்தில் குறி போட்டால் எங்கள் ஆசிரியர்கள் போதவில்லை என்று சொன்னதாகிவிடும். இடது ஓரத்தில் போட்டால் கொடுக்கிற கையைத் தட்டிவிட்டதாகிவிடும். நடுக்கட்டத்தில் போட்டேன். பார்த்தால், வகுப்பில் முப்பத்தொரு பேரும் அதிலேயே போட்டிருக்கிறோம்!

நேற்று துறைத் தலைவர் பாக் ஹர்யோனோ வந்து, "யாருக்கும் பெரிசா ஆசை இல்ல போலிருக்கே. இந்த வருஷம் யாரையும் அனுப்ப வேணாம், சரிதானே?" என்றார். "ஆமாங்கய்யா" என்றோம் ஒரே குரலில். ஜாவாக்காரரின் 'ஆமாங்கய்யா' மரியாதைதானே தவிர சம்மதம் அல்ல என்பது அவருக்கும் தெரியும். தாளை எண்ணியதும் அவருக்கு அது மறந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "உங்க ஊர்ல எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையாடி?" என்று கேட்டிருப்பாய்.

போகிறவர்களின் பெயரைக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. நாளைக் காலை அவர் அறைக்குத் தனியாகப் போகிறேன். "இல்லைங்கய்யா, நான் போகணும்" என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் யாரிடமும் இதுவரை 'இல்லை' என்று சொன்னதில்லை. கண்ணாடி முன் சொல்லிப் பழகுகிறேன். அதற்கே தலை குனிந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது, யோசி.

இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் உங்கள் கோயிலில் எனக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள். என் வாய் திறக்கட்டும். திறக்காவிட்டால், உங்கள் கடலைப் பார்க்கப்போவது இந்தக் கடிதம் மட்டும்தான்.

என்றும் உன்,
விகாதி