முகம் எழுதாத படம்

என் கண்ணு வேலுசாமிக்கு,

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சரசு எழுதுகிறாள். பட்டணத்தில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் நீ போய்விட்டாய். மூன்று வருஷமாகிறது. உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்று கேட்காமலே நின்றுபோனது.

சித்திரப் பள்ளியில் சேர்ந்த மறு வருஷம் ஒரு கார்டு போட்டாயே, 'வகுப்புக்கு ஒரு மாடல் வேண்டும், அப்பா வந்தால் நல்லது' என்று. பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவனுக்கு மாடல் என்றால் என்ன? ஆர்டர் பிடிக்கத் தைத்துக் காட்டும் முதல் உருப்படி. கை வைத்தது, கையில்லாதது என்று ஆறு பனியன்களைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

சென்ட்ரலில் இறங்கினால் அத்தனை ஜனம், அத்தனை சத்தம். பள்ளிக்குள்ளே வந்தால் அதற்கு மேல். மரத்தடியில் ஒருத்தி களிமண் பிசைகிறாள், ஒருவன் ஆர்மோனியம் வாசிக்கிறான், தாடிக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஏதோ ஒரு நீல நிறத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். இது படிப்பா, தேர்த் திருவிழாவா?

உன் வகுப்பில் பையைப் பிரித்ததும் நீ சிரித்தாய்.

"ஏனுங்கப்பா, மாடலுங்கறது நீங்கதானுங்க."

"நானா? என்னைய எவன் வாங்குவான், கண்ணு?"

வகுப்பே சிரித்தது. "சும்மா உக்காந்தாப் போதுமுங்க," என்றாய்.

சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது பேர் வரைந்தீர்கள். எட்டுப் படத்தில் என் மூக்கும் மீசையும் இருந்தன. உன் படத்தில் தோள், கை, மடித்துக் கட்டிய வேட்டி, ஒன்றிலும் அளவு பிசகவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் காகிதம். நேரம் போதவில்லையா? போடப் பிடிக்கவில்லையா? அத்தனை பேர் முன்னால் கேட்கக் கூச்சம். "நல்லாருக்குது" என்று சொல்லிச் சுருட்டி வாங்கி வந்துவிட்டேன்.

போன வாரம் அதற்குச் சட்டம் போட எடுத்தாள் சரசு. "முகமில்லாத படத்த மாட்டுனா ஊட்டுக்கு ஆகாதுங்கப்பா," என்று, கம்பெனிப் பலகை எழுதும் பெயின்டரைக் கூட்டி வந்தாள். நானும் சரி என்றேன். அவர் தூரிகையை நனைத்துக்கொண்டு, "நேராப் பாருங்க பெரியவரே. உங்க மகன் பாத்த மாதிரியே போட்டுத் தர்றனுங்க," என்றார்.

நீ என்னை எப்படிப் பார்த்தாய், கண்ணு? எனக்கே தெரியாதே. ஆளைக் கண்டதும் மார்பளவும் தோளளவும் சொல்லிவிடுவேன், முகம் மனதில் தங்காது. உன்னையும் அப்படித்தான் பார்த்தேனோ? உனக்கு மார்பு முப்பத்திரண்டு அங்குலம். மச்சம் எந்தக் கன்னத்தில்? எழுதிக்கொண்டிருந்த சரசு நிமிர்ந்து பார்க்கிறாள்.

"வேண்டாமுங்க, விட்டுருங்க," என்று அன்றே பெயின்டரை அனுப்பிவிட்டேன்.

"அரைகொறையாவே கெடக்கட்டுமுங்களா?" என்று சரசுவுக்குக் கோபம்.

முகத்தை நீ கோபத்தில் விட்டாயோ, மறுநாள் போடலாம் என்று விட்டாயோ, எனக்குத் தெரியாததை இன்னொருவர் வந்து எழுதக் கூடாது. நான் உள்ளவரை அந்த இடத்தில் யார் கையும் பட விடமாட்டேன்.

கைநாட்டு வைக்கும்,
உன் அப்பா