கேட் மூடும் காட்சிக்கு டிரம்ஸ்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஏசி ரிப்பேர். ஹெட்போன் காதோடு ஒட்டுகிறது.

பிரபு மறுபடியும் படத்தை வெட்டியிருக்கிறான். “இதான் ஃபைனல் எடிட்க்கா, இனிமே எதுவும் மாறாது” என்று போன வாரம் சத்தியம் செய்த டைரக்டர். அளந்து அளந்து போட்ட நோட்டெல்லாம் இப்போது வேறெங்கோ போய் விழுகிறது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

படத்தில், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியை மூடுகிறார்கள். கடைசி ஷிப்ட் முடிந்து ஒருத்தன் நடந்து வெளியே வருகிறான். பின்னால் கேட் மூடுகிறது. வசனமே கிடையாது, முழுக்க என் இசைதான். ஏழு எண்ணிக்கைத் தாளம், பன்னிரண்டு நிமிடப் பாட்டு என்று வாசித்து, ஒரு கல்யாண வீட்டுக்காரர்கூடக் கூப்பிடாத ராக் பேண்ட் எங்களுடையது. நாற்பத்து மூன்று வயதில் முதல் சினிமா. இதை விட்டால் இனி இல்லை.

வாங்க: மிளகாய்த்தூள், கீபோர்டு அடாப்டர், ஜெரோம் முட்டிக்குத் தைலம்.

டிரம்ஸ் ஜெரோம். பேண்டிலும் அவன்தான், கட்டிக்கொண்டதும் அவனைத்தான். சாப்பாட்டு மேசையில் விரல் சும்மா இருக்காது. தட்டு, டம்ளர், ரசக் கிண்ணம் எல்லாமே டிரம். “நிறுத்தித் தொலையேன்” என்றேன். சிரிக்கிறான்.

ஜூலை 9, புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

புது எடிட்டுக்கு ஜெரோம் அடித்ததைக் காலையில் அப்படியே ரஃப்பாகப் பிரபுவுக்கு அனுப்பினேன். அதில் ஏழாவது அடி மயிரிழை பிந்தியே விழுகிறது. இருபது வருடமாக இதே சண்டை. அவன் அரியாங்குப்பத்துக்கு டியூஷன் எடுக்கப் போனதும், கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடியாக இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தினேன். இப்போது சுத்தம். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். எல்லா ஸ்டூடியோவிலும் செய்வதுதானே. இதையும் பிரபுவுக்கு அனுப்பியாயிற்று.

சாயங்காலம் ஜெரோம்: “படத்துல வாசிக்கிறேன்னு சர்ச் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். கேட் சீன்ல நான்தானே?”

“நீதான்.”

ஜூலை 11, வெள்ளி

பிரபு போன்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. டிரம்ஸ் செத்துப்போச்சு. முதல்ல ரஃப்பா ஒண்ணு அனுப்பினீங்களே, அது வேணும்.”

“அதுல தாளம் தப்பு தம்பி.”

“தப்பாவே இருக்கட்டும். அந்தாளு காலை எடுத்து வைக்கவே மனசில்லாம நடக்கிறான்ல, அது அதுல இருந்துச்சு.”

நேற்று முளைத்த பயல் எனக்குத் தாளம் சொல்லித் தருகிறான். என் பேரில் தப்புத் தாளம் வெளியே போகாது என்றேன். அப்படியென்றால் திங்கள்கிழமை மிக்சிங்குக்குள் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிடுவானாம். நாசமாய்ப் போ என்று மனதுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன்.

சட்டினி தீய்ந்துவிட்டது.

ஜூலை 12, சனி

கரண்ட் இல்லை. போய் வந்து போய் வந்து.

சொல்லாமல் கொள்ளாமல் லேப்டாப்போடு பிரபு வீட்டுக்கே வந்துவிட்டான், சமாதானம் பேச. ஜெரோம் டீ போட்டுக் கொடுத்தான். “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கேளுங்கக்கா, அப்புறம் சொல்லுங்க.” இங்கே வேண்டாம், ஸ்டூடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கேட்டால்தானே.

முதலில் ரஃப். ஜெரோமின் விரல் மேசையில் கூடவே தட்டியது. திரையில் அந்த ஆள் கால் ஊன்றத் தயங்குகிறான், அடி அவனுக்காகக் காத்திருந்து விழுகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்து நான் திருத்தியது. கொஞ்ச தூரம் தட்டிய விரல் நின்றது.

“இது யார் அடிச்சது?”

பிரபு என்னைப் பார்த்தான்.

“நீதான். கொஞ்சம் சரி பண்ணேன்.”

“நான் இல்ல இது” என்றான். குரலை உயர்த்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“அண்ணனுக்குத் தெரியாதாக்கா?”

“கிளம்பு” என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்குத் தனித்தனியாகப் போனோம்.

ரஃப்பையே அனுப்பிவிட்டேன். பிரபு மிரட்டியதற்காக இல்லை. நன்றாக இருக்கிறது, சனியன், அதுதான் நன்றாக இருக்கிறது. இதைத்தானே இருபது வருடம் தப்பு தப்பு என்று கத்தினேன். இவனாவது ஒரு தரம் திருப்பிக் கத்தியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு மறுபடி பிந்தி அடிப்பான். அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

பிரபு போன்: “டைட்டில்ல அண்ணன் பேரைத் தனியா போட்டுடறேன்க்கா.” ஜெரோமிடம் சொன்னேன். “சரி” என்றான்.

பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் நன்றாக இருந்தது. பாதி குழம்பு, பாதி வறுவல். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் எடுத்து வந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அவன் இடது கை, விரல் அசையாமல்.

“தட்டித் தொலையேன்” என்றேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டான்.