வேரில் தங்கிய வீட்டோடு மாப்பிள்ளை

பிப்ரவரி 18, செவ்வாய்
பதினேழாவது சுற்று. வேர்முடிச்சை வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை. வேலை செய்கிற முடிச்சாக இருந்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும்.

என் கிருமி முன்பு செடிகளை வாடவைத்துக் கொன்ற ரவுடி. அவனைக் குடும்பஸ்தன் ஆக்குகிறேன் என்று கிளம்பியது நான்தான். ஒவ்வொரு சுற்றிலும் முடிச்சுக்குள் தங்கியவனை எடுத்துப் புதுப் பயறு நாற்றில் விடுகிறேன். கொலையை நிறுத்திவிட்டான். வேரில் அறை எடுத்துத் தங்குகிறான், செடி தருகிற சர்க்கரையைத் தின்கிறான். காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடு என்றால் மட்டும் காது கேட்காது. சுத்தமான வீட்டோடு மாப்பிள்ளை.

இதற்கு இயற்கைக்குக் கோடிக்கணக்கான வருடங்கள் இருந்தன. எனக்கு மார்ச் 31 வரை. அதற்குள் சிவப்பைக் காட்டாவிட்டால் கண்ணாடிக்குடில் தக்காளி ஆராய்ச்சி செய்கிற தக்காளிக்காரர்களுக்குப் போய்விடும் என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 20
பதினெட்டாவது சுற்று விதைத்தாயிற்று.

மார்ச் 10, திங்கள்
உரமே போடாத மண், நாற்றெல்லாம் பட்டினியில் மஞ்சள். எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் பார்த்துக்கொள்ளும்படி வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன். தண்ணீர் மட்டும் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 17
பச்சை! வரிசை வரிசையாகப் பச்சை! புரொபசருக்கு போன் போட்டுக் கத்தினேன். தக்காளிக்காரர்களிடமும் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

அதே நாள், மதியம்
கிருமியே விடாத வரிசையும் பச்சையாக இருக்கிறது. அது எப்படி?

மார்ச் 18
வாட்ச்மேன் அண்ணன் ஒப்புக்கொண்டார். "பாக்கவே பாவமா இருந்துச்சும்மா. வீட்லேர்ந்து கொஞ்சம் யூரியா கொண்டாந்து கரைச்சு ஊத்துனேன்."

மண்டையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. பட்டினி போட்டால்தானே செடி கிருமியைத் தேடும்? வயிறு நிறைந்த செடி எதற்கு வாடகைக்காரனை வைத்துக்கொள்ளும்? அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. புரொபசர் போனில் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 24
தொட்டிகளைக் காலி செய்தோம். ஒன்று குறைந்தது.

"ஒண்ணு எங்கண்ணே?"

"அது தேறாதும்மா. உரத்த வீணாக்குவானேன்னு ஜன்னலோரம் ஒதுக்கி வெச்சேன். தண்ணி மட்டும் ஊத்துறேன்."

போய்ப் பார்த்தேன். அடி இலைகள் மஞ்சள், கொழுந்தெல்லாம் பச்சை. முடிச்சை வெட்டினேன். சிவப்பு. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். "செத்துப்போச்சாம்மா?" என்று அவர் பதறினார்.

மார்ச் 27
"வெளியிலேர்ந்து வேற கிருமி ஏறியிருக்கும்" என்கிறார் புரொபசர். நியாயமான சந்தேகம்தான், எரிச்சலூட்டுகிற மனுஷன். முடிச்சை நசுக்கி மருந்து கலந்த தட்டில் பூசிவிட்டேன். அதைத் தாங்கும் குணத்தை ஆரம்பத்திலேயே அவனுக்குள் அடையாளமாக வைத்திருக்கிறேன்; அந்த மருந்தில் என்னுடையவன் மட்டும்தான் பிழைப்பான்.

மார்ச் 31
பிழைத்தான். தட்டு முழுக்க அவன்தான். புரொபசர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 24
பத்தொன்பதாவது சுற்று, அதே குடிலில். எல்லாம் மஞ்சள். கதவில் ஓர் அட்டை தொங்குகிறது, வாட்ச்மேன் அண்ணனின் கோணல் கையெழுத்தில்: "உள்ளே பட்டினி நடக்கிறது. யாரும் இரக்கப்பட வேண்டாம்."