என் அண்ணன் பார்த்தது வக்காக்களைத்தான்

என் உயிரான சேவியர் அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. வெறுங்கையோடு உனக்கு எழுத மனமில்லாமல்தான் இத்தனை நாள் இருந்தேன். இன்றைக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து வந்ததும், டீகூடக் குடிக்காமல், பர்மா பஜாரில் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் திருமுல்லைவாயில் காலனிப் பூங்காவுக்கு ஓடுவாய். அங்கே தூங்குமூஞ்சி மரத்தில் வக்காக்கள், அந்த ராக்கொக்குகள், கூடு கட்டிய வருஷம், நாற்பது வயதில் உனக்குக் கல்யாணம் நிச்சயமானதுபோல முகத்தில் ஒரு களை.

மரத்தடியில் நிறுத்தும் தன் புதுக் காரில் எச்சம் விழுகிறதென்று, காலனிச் சங்கச் செயலாளர் வரதராஜன் மரத்தை வெட்டக் கிளம்பினார். குஞ்சுகள் பறக்கும்வரையாவது பொறுக்கச் சொல்லி நீ வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாய். மறு வாரமே, பூங்காவில் பத்துப் பேர் முன்னால், அவர் உன் பைனாகுலரைப் பிடித்து இழுத்தார்.

"பறவையா பாக்குற? மொட்டை மாடில துணி காயப்போடுற என் மருமகளப் பாக்குற."

நீ ஏன் அண்ணே ஒரு வார்த்தை பேசவில்லை? கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை அடிக்கச் சொன்னார்கள். மரம் விழுந்தது. அதன்பிறகு நீ ரயில் ஸ்டேஷனுக்குக்கூடப் பூங்காத் தெருவை விட்டுச் சுற்றித்தான் போனாய். குனிந்த தலை நிமிராமலே, ஆறு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தபோது, அந்த மருமகள் மாலதி நம் வாசலில் நின்றிருந்தாள்.

"அவரு என் பக்கம் திரும்பிக்கூடப் பாத்ததில்லக்கா. யாராவது கேட்டா ஆமான்னு சொல்லுன்னாரு மாமா. சொல்லிட்டேன்."

இதைச் சங்கக் கூட்டத்தில் சொல்வாயா என்று கேட்டேன். பயந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தும் நான் அவளை விடவில்லை. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிறு ஆண்டுக் கூட்டம். டிவியில் படம் போடுவதற்குள் முடிக்க வேண்டுமென்று எல்லோருக்கும் அவசரம். நான் எழுந்து உன் பெயரைச் சொன்னேன். பிறகு மாலதி எழுந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். பூங்காத் தோட்டக்காரர் முனுசாமிதான் பின்னாலிருந்து கேட்டார்.

"நல்ல மன்சன சாவடிச்சிட்டு, இன்னும் இன்னாத்துக்குய்யா அந்த சேர்ல குந்திகினு கீற?"

வரதராஜன் அங்கேயே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அன்றைக்கே அவர் மகன் மாலதியை அழைத்துக்கொண்டு பாரிவாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அந்த மாடி வீட்டில் இப்போது அவர் ஒற்றை ஆள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் எதற்குப் பொய்?

நேற்று நம் வீட்டுக்கு வந்து கைகூப்பினார். கோபத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடம்மா என்றார். ஞாயிறுதோறும் பாதர் சொல்வதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க அண்ணன்கிட்ட கேளுங்க. கல்லறைத் தோட்டத்துல இருக்காரு," என்று கதவைச் சாத்தினேன்.

நீயாக இருந்தால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருப்பாய். தெரியும். எனக்கு அந்த மனசு வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறவரை அந்த ஆள் நம் படியேற மாட்டான். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம். நீ வேண்டாமென்று சொன்னாலும்.

உன் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கும் தங்கை,
ரீட்டா