ஓடாத ரோலருக்குப் போட்ட கம்பி வலை

மச்சான்,

சட்டைக் கையில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. அந்த வாடையோடுதான் இதை எழுதுகிறேன். உன் ரோலருக்கு அடித்த பெயிண்ட்.

லிந்துலையில் ஒரு பழைய துரை பங்களாவில் ஓவியர்கள் ஆறு பேரை ஒரு மாதம் தங்க வைத்திருக்கிறார்கள். சாப்பாடு, வர்ணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் அருங்காட்சியகம். அங்கே பார்ப்பதில் ஏதாவது மனதில் தைக்க வேண்டும், மாதக் கடைசியில் அது கண்காட்சிக்கு ஓவியமாக வர வேண்டும். எங்களைக் கூட்டிப் போகும் அம்மா நல்லவர்தான். அவசரப்படாதீர்கள், ஏதாவது ஒன்று உங்களைக் கூப்பிடும் என்றார். முதல் இரண்டு வாரமும் எதுவும் கூப்பிடவில்லை. துரைமார் தொப்பி, துரைமார் கைத்தடி, துரைமார் வீட்டுப் பீங்கான்.

மூன்றாவது வாரம் போனது வேறு இடம். கொழுந்து அரைத்துத் தூளாக்கிய தேயிலை ஸ்டோர் ஒன்று மூடிக் கிடந்தது, அதையே அருங்காட்சியகமாக்கி, பல தோட்டங்களின் பழைய மெஷின்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். ஓரம் உடைந்து இரண்டு போல்ட்டில் நிற்கும் அந்தத் தட்டு. நீ கொழுந்து போட்டு உருட்டிய, பொக்கவாயன் என்று பெயர் வைத்த நம்ம தோட்டத்து ரோலர். பக்கத்துப் பலகையில் செய்த கம்பெனியின் பேர், கொண்டுவந்த கப்பலின் பேர். அதில் கொழுந்து போட்டவன் ஒருத்தன் பேரும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் சக்கரத்தில் பெல்ட் ஏறும் இடத்தைச் சுற்றிப் புத்தம் புதுக் கம்பி வலை போட்டிருந்தார்கள்.

எதற்கு வலை என்று கேட்டேன். விளக்கம் சொல்லும் பெண்மணி சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார், பார்க்க வருகிறவர்கள் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாதாம். மெஷின் ஓடுமா என்றேன். ஓடாது, மோட்டாரையே கழற்றிவிட்டோம் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது மச்சான். இந்த வலைக்காக நீ எத்தனை தடவை கேட்டாய்! ஸ்டோரை நடத்திய டீமேக்கர் சிரித்துவிட்டுப் போனார். வாயால் சொன்னால் விளங்காது, படமாகப் போட்டுக் கொடுப்போம் என்று என் லயத்து வீட்டுக்கு வந்தாய். அளவு நாடா கேட்டால் ஏச்சு விழும் என்று வலது கையால் சாண் போட்டு அளந்து வந்திருந்தாய். மூணு சாண் அகலம், நாலு சாண் உயரம். நான் வரைந்தேன், நீ கீழே கையெழுத்துப் போட்டாய். ஆபீசில் கொடுக்க உன்னோடு வரச் சொன்னாய். ஹட்டனில் ஒரு கடைக்குப் போர்டு எழுத வேண்டும், நீயே கொடுத்துவிடு என்று நான் பஸ் ஏறிவிட்டேன். போர்டு ஒரு சாக்கு. எனக்குப் பயம்.

பார்ப்போம் என்று வாங்கி வைத்தார்களாம். இரண்டு மாதத்தில் அந்த பெல்ட் உன் வலது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. உன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய்.

"இந்தக் கை இனி சாண் போடாது மச்சான். இனிமே நீதான் அளக்கணும்."

போன வருஷம் காய்ச்சலில் நீ போய்ச் சேரும்வரை நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அருங்காட்சியகத்தில் அந்த வலையை அன்றைக்கு அளந்தேன். அந்தப் பெண்மணி கை வைக்க வேண்டாம், பெயிண்ட் காயவில்லை என்று கத்தக் கத்த அளந்தேன். மூணு சாண் அகலம், நாலு சாண் உயரம். சக்கரம் அதேதானே, அளவும் அதேதான். வெல்டிங் தெரிந்த ஒருத்தனுக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளைத்தான் உனக்குத் தர மறுத்தார்கள்.

இப்போது அந்தப் படத்தையே பெரிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். அதே கோடுகள், சாண் கணக்கிலேயே அளவு, கீழே உன் பேர். கூட்டிப் போகும் அம்மா பார்த்துவிட்டு, பின்னால் கொஞ்சம் தேயிலை மலை போட்டால் அழகாயிருக்குமே என்றார்.

"இது மனுங்க. மனுவுக்கு மலை வேணாம்" என்றேன்.

கண்காட்சிக்கு நம்ம தோட்டத்துக் கம்பெனிக்காரர்களும் வருகிறார்களாம். வரட்டும். இந்தத் தடவை நான் பஸ் ஏற மாட்டேன், படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பேன். சாண் என்றால் எவ்வளவு என்று கேட்டால், அவர்கள் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டுவேன்.